வேண்டுதலுக்கு அளவுகோல் உண்டோ?

1984 ஒக்ரோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்றபோது தமிழகமெங்கும் மக்கள் அவருக்காக வேண்டினர். நியூயோர்க்கில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்று, 1985 பெப்ரவரியில் அவர் சென்னை மீண்டார். காத்தது வேண்டுதலோ, வைத்தியமோ? ஒருவரைக் கொண்டு துணிதல் அரிது.

அமெரிக்காவில் பென்சன் குழுவினர் இருதய சத்திரசிகிச்சை பெற்ற 1802 பேரை ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். தமக்காக வேண்டப்படுகிறதோ இல்லையோ என்று அறியாதோருள், வேண்டப்பட்டோரில் நூற்றுக்கு 52 பேருக்கும், ஏனையோரில் 51 பேருக்கும் சிக்கல் நேர்ந்தது. வேண்டுதல் உறுதியென அறிவிக்கப்பட்டோரிலோ 59 பேருக்கு! ‘நம் நிலை அத்துணை மோசமோ’ என அஞ்சினர் போலும்.

ஆயினும், ‘வேண்டப்படாதோர்’ என்னும் பெயர் எனக்கு உடன்பாடன்று. அவர்தம் தாயரைத் தடுத்தவர் யார்? கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் செவ்வாய்தோறும் மெழுகுதிரி ஏற்றும் அன்னையரைப் பார்த்தோர் இவ்வினாவை எழுப்பாதிரார். ஆய்வு அளந்தது, அயலார் மேலதிகமாகச் செய்த வேண்டுதலையே.