ஐந்தாம் கியருக்கு முன் ஓர் ஆண்டு

பழைய கார்களைப் பேணிவரும் வாடிக்கையாளர்கள் சிலர் அவ்வப்போது நம்மிடம் ஒரு வினாவை முன்வைக்கின்றனர். தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. 1965-ஆம் ஆண்டு வண்டி. அதில் நான்கு கியர்களே உள்ளன. அதனைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் கொண்ட இக்கால கியர்பாக்ஸைப் பொருத்தலாமா? அதற்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

வங்கியின் இதழ் என்ற முறையில் இரண்டாவது வினாவுக்கு மட்டும் விடையளித்து ஒதுங்கிவிடலாம். ஆனால் முதல் வினாவைத் தீர்க்காமல் இரண்டாவதைத் தீர்க்க இயலாது. எனவே நம் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் பழையதைப் பழுது பாருங்கள். பின்னர் ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மனம் மாறவில்லையெனில், நாளை மீட்டெடுக்கக்கூடிய விதத்தில், கையிலுள்ள சேமிப்பைக் கொண்டு மாற்றுங்கள்.

எம்.ஜி.பி. கார், இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவானது. 1,798 சி.சி. எஞ்சின், நான்கு கியர்கள். 1967 வரை வந்த வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது, சுழலும் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து ஓசையின்றி இணைக்கும் அமைப்பு இரண்டாம் கியரிலிருந்துதான் தொடங்குகிறது. வண்டி முற்றிலும் நின்ற பின்னரே முதல் கியருக்கு வர வேண்டும்; ஓடும்போதே வர விரும்பினால், நடுநிலையில் கிளட்சை ஒருமுறை விட்டு, எஞ்சினைச் சற்றே முடுக்கி, மீண்டும் கிளட்சை மிதித்து இறக்க வேண்டும். இதனை அறியாதவர் கையில் அந்த கியர்பாக்ஸ் கரகரவென்று முறையிடும். அம்முறையீட்டைக் கேட்டுத்தான் பலர் 'பெட்டி கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டுகின்றனர்.

முடிவுகட்டும் முன் ஆராய வேண்டியவை சில உள்ளன. எம்.ஜி.பி.யின் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. அதன் சிறு சிலிண்டர் ஒன்றில் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலும் கிளட்ச் முழுமையாக விலகாது. எல்லா கியரிலும் உரசல் கேட்கும். அங்கே குற்றவாளி அந்தச் சிலிண்டர், கியர்பாக்ஸ் அன்று. நடுநிலையில் நிற்கும்போது எழும் இரைச்சல், கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால் பெரும்பாலும் பேரிங் தேய்ந்திருக்கும். இரண்டாம் கியருக்கு இறங்கும்போது மட்டும் கரகரத்தால் அதன் சிங்க்ரோமெஷ் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். முதல் கியரில் எழும் ஊளை ஒலியோ நேராக வெட்டப்பட்ட பற்களின் இயல்பு. அது நோயே அன்று. இன்னொன்று: இந்த கியர்பாக்ஸுக்குக் கையேடு கூறுவது எஞ்சின் எண்ணெயையே. 'கியர்பாக்ஸ்தானே' என்று கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. ஐந்தாம் கியர் வேண்டும் என்று வருவோரிற் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது, செம்மையாகப் பழுதுபார்க்கப்பட்ட நான்காம் கியரே என்பது நம் எண்ணம்.

இனி நெடுஞ்சாலைக்கு வருவோம். மாற்றத்தை விரும்புவோரின் வலுவான வாதம் அங்குதான் உள்ளது. நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுழல, கார் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 3,400 சுற்றுக்கு மேல் சுழலும். மேற்கூரை திறந்த வண்டியில் இரண்டு மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்பது களைப்பூட்டும். களைப்பு பாதுகாப்புக்கு நல்லதன்று. ஐந்தாம் கியர் அச்சுற்றை 2,800 அளவுக்குக் குறைக்கும். இது மெய்யான பயன். இதனை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் அதே பயனைத் தொழிற்சாலையே அன்று வழங்கியிருக்கிறது. 'ஓவர்டிரைவ்' என்னும் துணைக் கருவியுடன் கூடிய கியர்பாக்ஸை, விரும்பியவர்கள் கூடுதல் விலைக்குப் பெற்றனர். ஒரு விசையைத் தட்டினால் எஞ்சின் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். இன்று எம்.ஜி.பி.யில் பொருத்தப்படும் ஃபோர்டு, மாஸ்டா ஐந்து கியர் பெட்டிகளின் ஐந்தாம் கியரும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைக்கிறது. நெடுஞ்சாலை அமைதியே நோக்கமெனில், அக்காலத்து ஓவர்டிரைவ் பெட்டியைத் தேடிப் பெறுவது காரின் வரலாற்றோடு பொருந்தும் வழி.

சட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய வழிவகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க 5,000 ரூபாய். வாகனம் மூல வடிவில் பேணப்பட வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது. இப்பட்டியலில் கியர்பாக்ஸின் பெயர் இல்லை. ஆனால் எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடற்கூடே அதன் சட்டகம். பெரிய பெட்டியை நுழைப்பதற்காக இருக்கைகளுக்கு நடுவேயுள்ள தகட்டை வெட்டினால், வெட்டப்படுவது அந்த உடற்கூடுதான். எனவே கைவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது அறிவுடைமை. மேலும், இவ்வாறு பதிவான வாகனத்தை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த விதி இடம்தருவதில்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே அது சாலைக்கு வரலாம். ஆண்டில் சில நாள் ஓடும் வண்டிக்கு ஐந்தாம் கியர் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை நம் நிலைப்பாடு தெளிவானது: இது கடன் வாங்கிச் செய்ய வேண்டிய செலவன்று. இதனை முதலீடு என்று எண்ணுவதும் பிழை. பழைய காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது, மூலப் பாகங்கள் உள்ளனவா என்பதே. புதிய பெட்டிக்கு நீங்கள் கொடுத்த விலையை அவர் திருப்பித் தருவார் என எதிர்பார்க்க இயலாது. செலவும் பெட்டியின் விலையோடு நிற்பதில்லை; இறக்குமதித் தீர்வை, பொருத்தும் துணைப்பாகங்கள், வேகமானியைச் சீரமைத்தல் ஆகியவை தொடரும். எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸை இறக்க எஞ்சினையும் சேர்த்தே வெளியே எடுப்பது வழக்கம். ஆகவே அந்நேரத்தில் கிளட்ச் தட்டு, எண்ணெய் சீல் முதலியவற்றையும் மாற்றிவிடுவதே சிக்கனம். அத்தொகையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். மாற்றம் செய்தபின் காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து வழியே தெரிவித்தல் இன்றியமையாதது. சொல்லாமல் விட்ட மாற்றம், இழப்பீடு கோரும் நாளில் தகராறாக எழக்கூடும்.

'ஓடாத கார் வெறும் இரும்பு. எளிதாக ஓட்ட முடிந்தால்தானே அது உயிரோடிருக்கும்?' என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. முழங்கால் வலியாலோ தோள் நோவாலோ பழைய பெட்டியை ஆள இயலாதவர், வண்டியைக் கொட்டகையில் பூட்டிவைப்பதைவிட மாற்றி ஓட்டுவதே மேல். அவர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுள்ள டூரின் சாசனம், மாற்றங்கள் மீட்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும் என்கிறது. தகட்டை வெட்டாமல் பொருந்தும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். கழற்றிய பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, வண்டியின் எண்ணை எழுதிக் கட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடுத்த தலைமுறை வேறுவிதமாக எண்ணக்கூடும். அதற்கான உரிமையை நாம் பறித்தல் தகாது.

எனவே, தந்தையாரின் காரைக் கையில் வைத்திருக்கும் அந்த வாடிக்கையாளருக்கு நம் பரிந்துரை இது. இவ்வாண்டு கடன் விண்ணப்பம் வேண்டா. கிளட்ச் சிலிண்டரையும் எண்ணெயையும் முதலில் சரிபார்க்கச் செய்யுங்கள்; தேவையெனில் பேரிங்கையும் வளையங்களையும் மாற்றுங்கள். இப்பெட்டியை அறிந்த மூத்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி, கியர் இறக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் இட்டு வாருங்கள். பன்னிரண்டு மாதம் கழிந்தபின் பெட்டியை மாற்றும் எண்ணம் நீடித்தால், அதற்கு வட்டி கட்ட வேண்டியிராது. நீடிக்கவில்லையெனில், அத்தொகைக்கு நான்கு புதிய டயர்கள் வாங்கலாம். பழைய காருக்கு அவை எப்போதும் தேவைப்படும்.