உயரம் போதும்; வயது போதுமா?



நமது மூத்தவர்களுக்குக் கப்பல் பிரயாணம் என்றால் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தாம். ஒன்று ஹஜ், மற்றது வியாபாரம். இன்று மூன்றாவதாக உல்லாசமும் ஒரு காரணமாகிவிட்டது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் தொழில் செய்யும் நம்மவர் சிலர், பாடசாலை விடுமுறை வந்தால் மனைவி மக்களோடு நான்கைந்து நாட்கள் உல்லாசக் கப்பலில் சென்று வருகிறார்கள். ஊரிலிருந்து உம்மாவையும் தங்கையின் பிள்ளைகளையும் அழைத்துச் செல்பவர்களும் உண்டு. ஆகுமான முறையில் குடும்பத்தோடு மகிழ்ந்திருப்பதில் தவறில்லை. ஆனால், அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் கப்பலில் ஏறக்கூடாது.

இக்கப்பல்களைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமித் துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகன் ஒப் த சீஸ்' என்ற கப்பலில் 20 தளங்கள் உள்ளன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகள் அதில் செல்லலாம். அதன் மேல்தளத்தில் ஆறு பெரிய நீர்ச்சறுக்குகள் கொண்ட ஒரு பூங்காவே இருக்கிறது. ஒரு சிறு பட்டணம் தண்ணீரில் மிதக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தையைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை. கைக்குழந்தையைத் தாய் தானாகவே விடமாட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொள்வாள். என் கவலை பன்னிரண்டுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்ட பிள்ளையைப் பற்றியது. கையைப் பிடித்தால் அவனுக்கு வெட்கம்; விட்டால் நமக்குப் பயம். கப்பல் கம்பனிகளின் சட்டங்களில் ஓர் இடைவெளி இருப்பதும் இந்த வயதில்தான்.

சட்டங்கள் எதை அளக்கின்றன?

நீர்ச்சறுக்கின் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அளவுகோல் நிற்கும். ரோயல் கரீபியன் கம்பனியின் பெரிய சறுக்குகளில் 48 அங்குலம், அதாவது நான்கு அடி உயரம் கேட்கிறார்கள். கார்னிவல் கம்பனியின் பல சறுக்குகளுக்கு 42 அங்குலம் போதும். செயற்கை அலையில் பலகைமேல் படுத்துச் சறுக்குவதற்கு ரோயல் கரீபியன் கப்பல்களில் 52 அங்குலமும், எழுந்து நின்று சறுக்குவதற்கு 58 அங்குலமும் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் அந்த அலை விளையாட்டுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும்.

இவ்வளவும் நல்ல ஏற்பாடுகளே. குழாயில் நீர் தள்ளும் வேகத்தை உடல் தாங்குமா என்பதை உயரம் காட்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் புத்தி எந்த அளவில் இருக்கிறது என்பதை எந்த அளவுகோலும் காட்டாது. பதின்மூன்று வயது மகன் ஐந்தடி உயரத்தைத் தாண்டிவிடுகிறான். அளவுகோல் அவனை 'போ' என்கிறது. கூட்டாளிகள் 'தலைகீழாகப் போடா பார்ப்போம்' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் 'வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? அந்த ஒருவரைத்தான் சட்டங்கள் 'பாதுகாவலர்' என்கின்றன. கையொப்பமிடும் தாளிலும் அவருடைய பெயரே இருக்கிறது.

உயிர்காப்பாளர் இருக்கிறாரே!

பலர் இப்படி நினைத்து நிம்மதியடைகிறார்கள். கப்பல் தடாகங்களில் உயிர்காப்பாளரை அமர்த்துவது நெடுங்காலம் வழக்கமாக இருக்கவில்லை. 'உயிர்காப்பாளர் இல்லை, உங்கள் பொறுப்பில் நீந்துங்கள்' என்ற கருத்துப்பட ஓர் அறிவித்தல் பலகைதான் இருந்தது. 2013இல் டிஸ்னி கம்பனியின் கப்பலொன்றில் நான்கு வயதுக் குழந்தையொன்று தடாகத்தில் மூழ்கி மோசமாகப் பாதிக்கப்பட்டது. அதன் பின்னரே அக்கம்பனி உயிர்காப்பாளர்களை நியமித்தது. ரோயல் கரீபியனும் நோர்வீஜியனும் 2017இல்தான் இதைச் செய்தன. இன்றும் எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர் இல்லை. ஆகவே டிக்கட் எடுக்கும்போதே, "தடாகத்தில் உயிர்காப்பாளர் உண்டா? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சறுக்கின் உச்சியில் நிற்கும் ஊழியரைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். ஒருவர் இறங்கி முடிந்த பின் அடுத்தவரை விடுவதே அவருடைய வேலை. உங்கள் மகள் எங்கே, யாரோடு நிற்கிறாள் என்பது அவருடைய வேலையல்ல.

இன்னொரு விடயமும் உண்டு. கட்டிளமைப் பருவத்தினருக்கென்று கப்பல்களில் தனிக் கழகங்கள் இருக்கின்றன. கார்னிவலில் 12 முதல் 14 வயது வரை ஒன்று, 15 முதல் 17 வரை மற்றொன்று. டிஸ்னியில் 14 முதல் 17 வரை ஒன்று. சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பெற்றோர் பதிந்து ஒப்படைத்து, பின்னர் வந்து கூட்டிச் செல்ல வேண்டும். பெரிய பிள்ளைகளின் கழகத்திலோ அவர்கள் விரும்பியபடி வருவார்கள், விரும்பியபடி போவார்கள். "மகன் கிளப்பில் இருக்கிறான்" என்று தாய் நினைத்திருக்கும் நேரத்தில், அவன் மேல்தளத்தில் யாருடனோ சறுக்கிக்கொண்டிருக்கலாம். கழகம் என்பது கூடும் இடமே தவிர, காவல் அல்ல.

சத்தமில்லாத ஆபத்து

உலக சுகாதார நிறுவனம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

மூழ்குகிறவன் கையை ஆட்டிக் கூக்குரலிடுவான் என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வழியில்லாதவனுக்குக் கத்துவதற்கு மூச்சு ஏது? வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக வந்து போகும். கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும். இருபது முதல் அறுபது விநாடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவரே விளையாட்டு என்று நினைத்துவிடுவார்.

நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கென்று வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 'தண்ணீருக்குள் யார் கூடுதலான நேரம் மூச்சடக்குவது?' என்ற போட்டிதான் அது. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால், மூச்சு வேண்டும் என்ற உணர்வு வருமுன்னரே மயக்கம் வந்துவிடும். ஆழமில்லாத நீரிலும் இது நிகழும். நன்றாக நீந்துகிறவனே இதில் அகப்படுகிறான். இந்தப் போட்டி கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

நம் குடும்பங்கள் தனியாகப் போவதில்லை. மாமா, மாமி, சாச்சா, சாச்சி, பிள்ளைகள் எனப் பதினைந்து பேராகப் போவோம். பெரியவர்கள் எட்டுப் பேர் இருக்கும்போது பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். நடப்பது வேறு. மாமி பார்ப்பார் என்று உம்மா இருப்பார். வாப்பா பார்ப்பார் என்று மாமி இருப்பார். வாப்பாவோ கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எட்டுப் பேர் இருந்தும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

இதற்கு எளிய வழி, பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுப்பது. "இந்த அரை மணி நேரம் நீங்கள், அடுத்த அரை மணி நேரம் நான்." பொறுப்பிலிருப்பவர் தொலைபேசியைத் தொடக்கூடாது, கதையில் மூழ்கக்கூடாது, அடுத்தவர் வந்து வாயால் சொல்லிப் பொறுப்பேற்கும் வரை எழுந்து போகக்கூடாது. இயன்றால் அவர் நீந்தத் தெரிந்தவராக இருக்கட்டும். இது பெண்களின் தலையில் மட்டும் விழ வேண்டிய சுமையுமல்ல. வாப்பாமாரும் முறை எடுக்க வேண்டும். பதினான்கு வயது மகனிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போவது சரியன்று. அவனே ஒருவரின் பார்வையில் இருக்க வேண்டியவன்.

மகளின் விடயம்

நம் வீடுகளில் சிலர் ஒரு குறுக்குவழியைக் கண்டிருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, மகளைப் பைகளுக்குக் காவலாக நிழலில் உட்கார வைத்துவிடுவது. இதைப் பாதுகாப்பு என்கிறார்கள். நீந்தத் தெரியாத பிள்ளை கடலுக்கு நடுவில் எவ்வாறு பாதுகாப்பாக இருப்பாள்? நீச்சல் ஆணுக்கு மட்டும் உரிய கலையல்ல. பிரயாணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்னரே, பெண்களுக்கான வகுப்பு நடைபெறும் தடாகமொன்றைத் தேடி மகளைப் பழக்குங்கள்.

உடையிலும் கவனம் வேண்டும். அபாயாவோடும் குத்தூசி செருகிய ஸ்கார்ப்போடும் எந்தச் சறுக்கிலும் ஏறக்கூடாது. தளர்ந்த துணியும் கயிறும் சிக்கிக்கொள்ளும். உலோகப் பட்டியும் குத்தூசியும் காயப்படுத்தும். நீச்சல் துணியில் தைத்த, உடலை மறைக்கும், தலைப்பகுதி உடையோடு இணைந்த ஆடைகள் இப்போது கிடைக்கின்றன. அதையும் எந்தச் சறுக்கில் அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மேலே ஏறிய பின் திருப்பி அனுப்பப்பட்டால் பிள்ளையின் மனம் நொந்துபோகும்.

முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்

கப்பலில் ஏறிய அன்றே பிள்ளைகளை உட்காரவைத்துச் சில ஒப்பந்தங்கள் செய்துகொள்ளுங்கள்.

1. தடாகத்துக்கோ சறுக்குக்கோ தனியாகப் போவதில்லை. ஒரு பெரியவரிடம் சொல்லாமல் தளம் மாறுவதில்லை.

2. கடலில் சாதாரண தொலைபேசி வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கைக்கடிகாரம் கட்டியிருக்கட்டும்.

3. சறுக்கில் கால் முன்னே, முதுகு கீழே, கைகள் மார்பின் மேல். ஒரு தடவைக்கு ஒருவர். கீழே வந்ததும் உடனே விலகிவிட வேண்டும். தடாகத்தில் தலைகீழாகப் பாய்தல் அறவே கூடாது. கப்பல் தடாகங்கள் பெரும்பாலும் ஆழமற்றவை.

4. கடல் கொந்தளித்தால் தடாக நீரும் கரை மீறி அலையடிக்கும். வலை போட்டு மூடிய தடாகத்தின் பக்கமே போகக்கூடாது.

5. அபாய ஒலி கேட்டால் உம்மாவைத் தேடி அறைக்கு ஓடாமல், தமக்குக் குறிக்கப்பட்ட ஒன்றுகூடும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தை முதல் நாளே நடந்து காட்டுங்கள்.

6. ரோயல் கரீபியன் போன்ற கம்பனிகள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இரவு 1 மணிக்குப் பின் தனியே நடமாடத் தடை விதித்திருக்கின்றன. கப்பலின் நேரம் அது. குடும்பத்தின் நேரம் அதற்குப் பல மணி முந்தியதாக இருக்கட்டும்.

7. பக்கத்திலேயே மது விற்கும் கடைகள் இருக்கும். முன்பின் தெரியாதவர் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. எவருடைய அறைக்கும் போவதில்லை.

சட்டம் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரிந்தால் நீங்கள் இல்லாத இடத்திலும் அது நினைவில் நிற்கும். அவன் தவறிவிட்டால் கூட்டாளிகளின் முன்னால் ஏசாதீர்கள். அறைக்கு அழைத்து மெதுவாகக் கேளுங்கள். முன்னால் ஏசப்பட்ட பிள்ளை மறுநாள் உங்கள் கண்ணில் படாத இடத்தைத்தான் தேடுவான். அப்படி அவன் ஒளிந்துவிட்டால், இருபது தளங்களில் எங்கே போய்த் தேடுவீர்கள்?

கண்காணிப்பு என்பது உளவு பார்ப்பதன்று. தூரத்திலிருந்தாலும் உம்மாவின் கண்ணும் வாப்பாவின் கண்ணும் தன்மேல் இருக்கின்றன என்று பிள்ளை அறிந்திருப்பதே அது. முகம் திரும்பும்போது அங்கே நீங்கள் இருக்க வேண்டும். கம்பனி எழுதி வைத்த எந்தச் சட்டமும் அந்த இடத்தை நிரப்பாது.