'சரி' என்றால் போதுமா?



போன மாதம் அம்மாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று செவிலியர் பொறுமையாக விளக்கி, "புரிஞ்சுதாம்மா?" என்றார். "சரிம்மா" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். மறுநாள் காலை, வெறும் வயிற்றில் போடவேண்டிய தைராய்டு மாத்திரையை இட்லி சாப்பிட்ட பிறகு அம்மா கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, அந்தச் 'சரி'க்குள் ஒன்றுமே இல்லை என்று.

இப்படி ஒரு 'சரி' பெரும் விபத்திலும் பங்கு வகித்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், மூடுபனிக்குள் ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் இருந்தன. மேலெழும்பத் தயாரான விமானத்திலிருந்து வந்த தெளிவற்ற ஒரு செய்திக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தவர் "ஓகே" என்றார். "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்றும் சேர்த்துச் சொன்னார். அதே நொடியில் மற்ற விமானமும் பேசியதால் அந்த வாக்கியம் இரைச்சலில் கரைந்தது. தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும். அனுமதி கிடைத்துவிட்டதாக நம்பி ஓடத் தொடங்கியிருந்த விமானம் நிற்காமல் மற்ற விமானத்தின்மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள்.

அதன்பின் விமானப் போக்குவரத்தில் வானொலிப் பேச்சின் விதிகள் இறுகின. 'டேக்-ஆஃப்' என்ற சொல், அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் வரவேண்டும். முக்கியமான உத்தரவுக்கு 'ஓகே' பதிலாகாது; கேட்டதை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும்.

நம் ஊர் ஓட்டல்களில் இது என்றைக்கும் உண்டு. "ரெண்டு இட்லி, ஒரு வடை, சக்கரை கம்மியா ஒரு காபி" என்று பரிமாறுபவர் ஒருமுறை ஒப்பித்துவிட்டுத்தான் நகர்வார். காபிக்குக் காட்டும் அந்தக் கவனத்தை மருந்துக்கும், பணத்துக்கும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்பதற்கும் நாம் காட்டவேண்டாமா?

பெரியவர்களிடம் "திருப்பிச் சொல்லுங்க" என்றால் பரீட்சை வைப்பதுபோல் இருக்கும். "நான் ஒழுங்கா சொன்னேனான்னு பார்க்கணும், ஒருதரம் சொல்லுங்களேன்" என்று கேட்டால் பாரம் நம்மேல் வந்துவிடும். அவர்கள் மனமும் வாடாது.

இப்போது இரவுதோறும் மறுநாளைய மாத்திரைகளை அம்மா வரிசையாகச் சொல்கிறார். கடைசி வரை கேட்டுவிட்டு, "சரிம்மா" என்கிறேன் நான்.

அன்புடன்,
ஆசிரியர்