கடனாளி கேட்ட காகிதப் பணம்



ஏழை ஒருவன் கடனைக் கட்டக் கொஞ்சம் அவகாசம் கேட்டால் அவனை நாணயம் இல்லாதவன் என்பார்கள். பணக்காரன் தான் வாங்கி வைத்த பத்திரத்துக்கு முழுப் பணமும் வட்டியும் கேட்டால் அது அவனுடைய உரிமை என்பார்கள். இந்தப் பேச்சு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 240 ஆண்டுகளுக்கு முன்பு, சுதந்திரம் வாங்கிய சூடு ஆறுமுன்னரே, அமெரிக்க விவசாயிகள் இதே பேச்சைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது காகிதப் பணம். அதைக் கொடுத்த மாநிலத்தில் என்ன நடந்தது, மறுத்த மாநிலத்தில் என்ன நடந்தது என்பதைத் தொழிலாளர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

பிரித்தானியாவுடனான யுத்தம் 1783இல் உடன்படிக்கையோடு முடிந்தது. யுத்தச் செலவுக்காக அமெரிக்கக் கொங்கிரஸ் 20 கோடி டொலருக்கு மேல் தாள் அச்சிட்டிருந்தது. 1780இல் கொங்கிரஸே அதன் பெறுமதியை நாற்பதில் ஒன்றாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு அதை வாங்க ஆளில்லை. சமாதானம் வந்ததும் பிரித்தானிய வணிகர்கள் கடனுக்குச் சாமான் அனுப்பினார்கள். பிறகு திடீரெனக் கடனை நிறுத்தி, பழைய பாக்கியை வெள்ளி நாணயத்தில் கேட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் வியாபாரமும் அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைக்கப்பட்டதால் வெள்ளி வரும் வழியும் சுருங்கியது. பொஸ்டன் வணிகர் உள்ளூர்க் கடைக்காரரை நெருக்கினார். கடைக்காரர் விவசாயியை நெருக்கினார். விவசாயியிடம் தானியம் இருந்தது, மாடு இருந்தது, உழைக்கும் கை இருந்தது. வெள்ளி மட்டும் இல்லை. முன்பெல்லாம் தானியம் கொடுத்தோ வேலை செய்தோ கொப்பிக் கணக்கைத் தீர்த்தவர்கள் இப்போது நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். மாடும் நிலமும் அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. கட்ட முடியாதவர் மறியலில் கிடந்தார்.

இதற்கு மேல் வரி. யுத்தத்தில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளமாகக் கிடைத்தது பெரும்பாலும் கடன் பத்திரம்தான். வீடு திரும்பியவனுக்குப் பசி. கையிலிருந்த பத்திரத்தை முகப்புப் பெறுமதியில் ஒரு சிறு பங்குக்கு விற்றான். அதை மலிவாக வாங்கிச் சேர்த்தவர்கள் நகரத்துப் பணக்காரர். மசசூசெட்ஸ் மாநில அரசு தன் யுத்தக் கடனைக் குறைக்காமல் வட்டியோடு தீர்க்கத் தீர்மானித்து, அதற்காகத் தலைவரியும் நிலவரியும் போட்டது. அதாவது தன் பத்திரத்தைச் சொற்ப விலைக்கு விற்ற அதே சிப்பாய், அதை வாங்கியவருக்கு முழுப் பணம் கிடைப்பதற்காக வரி கட்ட வேண்டும். இதுதான் அன்றைய நீதி.

விவசாயிகள் இனாம் கேட்கவில்லை. மாநில அரசு காகித நாணயம் அச்சிட்டு, நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு, குறைந்த வட்டிக்குக் கடனாகத் தர வேண்டும், வரிக்கும் கடனுக்கும் அந்தத் தாளை ஏற்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். இது கிறுக்குத்தனமான யோசனையும் அல்ல. பென்சில்வேனியாவில் 1723ஆம் ஆண்டிலிருந்தே இப்படி நிலத்தின் ஈட்டில் 5 வீத வட்டிக்குத் தாள் கொடுத்தார்கள். அது பல காலம் பெறுமதி கெடாமல் ஓடியது. பெஞ்சமின் பிராங்ளின் 1729இல் அதை ஆதரித்து ஒரு சிறுநூலே எழுதினார். 1785, 1786 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பதின்மூன்று மாநிலங்களில் ஏழு காகித நாணயம் வெளியிட்டன.

ரோட் ஐலண்டில் விவசாயிகள் வாக்குச் சீட்டால் வென்றார்கள். 1786 வசந்த காலத் தேர்தலில், துன்பப்பட்டவருக்கு நிவாரணம் என்ற கோரிக்கையோடு நாட்டுப்புறக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. உடனே 100,000 பவுண் தாள் அச்சிட்டு, 4 வீத வட்டிக்கு நிலத்தின் மேல் கடன் கொடுத்தார்கள். வணிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடைகளைப் பூட்டினார்கள். தாளை வாங்க மாட்டோம் என்றார்கள். அரசு அபராதம் விதித்தது. நியூபோர்ட்டில் ஜோன் வீடன் என்ற இறைச்சிக் கடைக்காரர் தாளை வாங்க மறுத்த வழக்கு 1786 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதிகள் அதை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் தாளை வாங்காமலிருக்க ஒளிந்து திரிந்தார்கள். கடனாளி பணத்தை நீதிபதியிடம் கட்டி, பத்திரிகையில் அறிவித்தல் போட்டுக் கடனைத் தீர்த்தார். தாளின் பெறுமதி வேகமாக விழுந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாநிலத்தில் யாரும் துப்பாக்கி தூக்கி நீதிமன்றத்தைச் சூழவில்லை.

மசசூசெட்ஸில் சட்டசபை காகிதப் பணக் கோரிக்கையை மறுத்தது. ஊர் ஊராக மனு எழுதினார்கள், பயனில்லை. 1786 ஓகஸ்டில் ஹட்பீல்ட் என்ற ஊரில் 50 ஊர்களின் பிரதிநிதிகள் கூடிக் குறைகளைப் பட்டியலிட்டார்கள். காகிதப் பணம் வெளியிட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. சில நாட்கள் கழித்து, 29ஆம் திகதி, நோர்தாம்ப்டன் நீதிமன்றத்தை ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சூழ்ந்து அமர்வை நடக்கவிடாமல் தடுத்தார்கள். நீதிமன்றம் கூடாவிட்டால் ஏலத் தீர்ப்பு இல்லை. நாம் வேலைநிறுத்தம் செய்வதைப் போல அவர்கள் ஏலத்தை நிறுத்தினார்கள்.

அவர்களின் தலைவர்களில் ஒருவரான டானியல் ஷேய்ஸ் யுத்தத்தில் கப்டனாக இருந்தவர். பிரெஞ்சுத் தளபதி லஃபயெட் பரிசளித்த வாளை வறுமையால் விற்றவர். அடக்குவதற்கு அரசின் கஜானாவில் பணமில்லை. ஆனால் பொஸ்டன் வணிகர்கள் தங்கள் சொந்தப் பணத்தைத் திரட்டிக் கடனாகக் கொடுத்து, ஜெனரல் லிங்கன் தலைமையில் ஒரு படையையே கட்டினார்கள். நிவாரணத்துக்கு வெள்ளி இல்லை, படைக்கு மட்டும் இருந்தது. 1787 ஜனவரி 25ஆம் திகதி ஸ்பிரிங்பீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கி ஷேய்ஸின் ஆட்கள் நடந்தார்கள். அன்று வர முடியாது, மறுநாள்தான் வருவேன் என்று இன்னொரு தலைவர் லூக் டே அனுப்பிய கடிதம் எதிரியின் கையில் சிக்கியது. பீரங்கி சுட்டது. நான்கு பேர் செத்தார்கள். பெப்ரவரி 4ஆம் திகதி விடிகாலையில் பீட்டர்ஷாம் ஊரில் எஞ்சியவர்களை லிங்கனின் படை சிதறடித்தது.

போராட்டம் தோற்றது என்று இதோடு புத்தகத்தை மூடிவிடுவோர் பலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் ஆளுநர் போடொயினைத் தோற்கடித்து ஜோன் ஹான்கொக்கைக் கொண்டுவந்தார்கள். சட்டசபையிலும் பழையவர்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள். வரி குறைந்தது. கடனாளிகளுக்கு அவகாசம் கிடைத்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மன்னிக்கப்பட்டார்கள், இருவரே தூக்கில் ஏறினர். மனு எழுதியபோது கிடைக்காத நிவாரணத்தில் ஒரு பகுதி, போராட்டமும் வாக்கும் சேர்ந்தபோது கிடைத்தது.

ஆனால் மேலே இருந்தவர்களும் பாடம் படித்தார்கள். அதே 1787இல் பிலடெல்பியாவில் எழுதிய அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை, பத்தாம் பிரிவைப் பாருங்கள். எந்த மாநிலமும் காகித நாணயம் வெளியிடக்கூடாது, தங்கமும் வெள்ளியும் தவிர வேறெதையும் கடன் தீர்க்கும் பணமாக்கக்கூடாது, ஒப்பந்தக் கடப்பாட்டைப் பாதிக்கும் சட்டம் செய்யக்கூடாது. காகிதப் பண வேட்கையைத் தீய திட்டங்களோடு சேர்த்து எழுதிய மாடிசன் அதை வரைந்தவர்களில் முக்கியமானவர். 1790இல் ஹாமில்டனின் திட்டப்படி, பத்திரம் யார் கையில் இருந்ததோ அவருக்கே முகப்புப் பெறுமதி போனது. முதலில் அதைச் சம்பளமாகப் பெற்ற சிப்பாய்க்கும் ஒரு பங்கு கொடுப்போம் என்று அதே மாடிசன் கேட்டபோது, சபை மறுத்தது. ஒரு தேர்தலில் விவசாயி வென்றெடுத்த கதவை, எந்தத் தேர்தலாலும் எளிதில் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள்.

அப்படியானால் காகிதப் பணம்தான் ஏழைக்கு மருந்தா? இந்த இடத்தில் நாம் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டக் கூடாது. கடனாளிக்குப் பணத்தின் பெறுமதி விழுவது லாபம். நாட்சம்பளக்காரனுக்கு அது நட்டம். 2022இல் ரூபாய் விழுந்தபோது நம் சம்பளத்தில் மாவும் அரிசியும் எவ்வளவு குறைந்தன என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. ரோட் ஐலண்டில் கடன் கிடைத்தது நிலத்தை ஈடு வைக்க முடிந்தவனுக்கு. நிலமில்லாத கூலியாளுக்கு அந்த அச்சுக்கூடத்திலிருந்து ஒரு தாளும் நேராக வரவில்லை. லயத்துக் காம்பராவுக்கே உறுதி இல்லாத நாம் அன்று அங்கே இருந்திருந்தால், வரிசையின் கடைசியில்தான் நின்றிருப்போம்.

ஆகவே என் கருத்து இது. விவசாயிகள் கேட்ட மருந்தில் குறை இருந்தது, அவர்கள் சொன்ன நோய் உண்மை. எந்தக் காகிதம் செல்லும், எந்தக் காகிதம் செல்லாது என்பதைக் கடன் கொடுத்தவன் மட்டுமே தீர்மானிப்பதுதான் அந்த நோய். சிப்பாயின் பத்திரம் அவன் கையில் இருந்தவரை சொற்பப் பெறுமதி, பணக்காரன் கைக்குப் போனதும் முழுப் பெறுமதி. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்ற ஒரு காகிதம் இருந்தது. கடனைக் கட்டினால்தான் ஆளை வேறு தோட்டத்துக்கு விடலாம் என்று அதில் எழுதியிருக்கும். 1921இல் அது சட்டத்தால் ஒழிந்தது. காகிதம் ஒன்றுதான், யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்த முறை கடன் நிவாரணம் பற்றிப் பேச்சு வரும்போது, மூன்று கேள்விகளைத் தோட்டக் கமிட்டிகளில் கேளுங்கள். இந்த நிவாரணம் நிலமில்லாதவருக்கும் வருமா? விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏறுமா? இன்று வென்றதை நாளை ஒரு சட்டத்தால் பூட்டிவிடாமல் காக்க நம்மிடம் என்ன பலம் இருக்கிறது? லூக் டே ஒரு நாள் பிந்தினார். நாம் பிந்தக் கூடாது. தனித்தனியாகக் கடன்காரனிடம் கெஞ்சுவதை விட்டு, சேர்ந்து சங்கமாகப் பேசுவோம்.