காசுக்காகப் போனவர்கள்

2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள், என் அறைச் சுவரில் ஒட்டியிருந்த ரஹீம் ஸ்டெர்லிங்கின் படத்தைக் கிழித்துப் போட்டேன். அப்போது எனக்கு 14 வயது. குளுவாங்கில் படிவம் 2 படித்துக்கொண்டிருந்தேன். லிவர்பூல் என்றால் எனக்கு உயிர். அந்தக் குழுவின் 20 வயது ஆட்டக்காரர், 49 மில்லியன் பவுண்டு வரை போகக்கூடிய விலைக்கு மென்செஸ்டர் சிட்டிக்குப் போகிறார் என்ற செய்தி அன்றுதான் வந்தது.

வாரத்திற்கு 100,000 பவுண்டு சம்பளத்தில் புதிய ஒப்பந்தம் தர லிவர்பூல் முன்வந்ததும், அவர் அதை ஏற்காததும் முன்பே செய்தியாகியிருந்தன. பணம் தனக்குப் பெரிதில்லை, கோப்பைகளை வெல்வதே பெரிது என்று அவர் பிபிசி பேட்டியில் சொன்னார். யார் நம்பினார்கள்? மே மாதம் லிவர்பூல் நடத்திய விருது விழாவில், சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதை வாங்க வந்த அவரைப் பார்த்துச் சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். மாமாக் கடையில் நானும் என் நண்பர்களும் அவருக்கு வைத்த பெயர்களை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. அவற்றில் மரியாதையானது 'காசுப் பேய்'.

நான் படத்தைக் கிழித்ததைப் பார்த்த அண்ணன், "படம் என்னடா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே சொல்லை என் அத்தை வாயில் கேட்டேன். இந்த முறை அது விழுந்தது அண்ணன் மேல்.

அண்ணன் எஸ்.பி.எம். முடித்த கையோடு ஒரு சீனரின் கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்பேனர் அளவு தெரியாமல் உள்ளே போனவருக்குக் கியர் பெட்டியைக் கழற்றி மாட்டும் வரை தொழில் கற்றுக் கொடுத்தவர் அந்தத் தவுக்கேதான். சம்பளம் 1,800 ரிங்கிட். 2018 கடைசியில் லாரி ஓட்டுநரான அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அடுத்த மாதமே சிங்கப்பூரில் ஒரு பட்டறையிலிருந்து அண்ணனுக்கு வேலை வந்தது. மாதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளி. நம் பணத்தில் ஏறக்குறைய 6,000 ரிங்கிட்.

தவுக்கேக்குக் கோபம். தொழில் கற்றுக் கொடுத்தவனை விட்டுவிட்டு ஓடுகிறாயா என்று மலாயில் கத்தினாராம். அத்தையோ வீட்டுக்கே வந்து, "அப்பாவ இப்படிப் படுக்கையில போட்டுட்டு, காசு காசுன்னு போறானே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அத்தையிடம் சரியாகப் பேசவில்லை. இரவு படுத்த பிறகுதான், சுவரில் ஒட்டுநாடா மட்டும் மிச்சமிருந்த அந்த இடம் கண்ணில் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெர்லிங் 2018இல் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்த ஒரு கட்டுரையைத் தேடிப் படித்தேன். அவருக்கு 2 வயதாக இருந்தபோது ஜமைக்காவில் அவர் தந்தை கொலை செய்யப்பட்டார். தாய், பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, படித்து முன்னேறுவதற்காக இங்கிலாந்துக்குப் போனார். மற்றப் பிள்ளைகள் அம்மாவோடு இருப்பதைப் பார்த்து இந்தப் பையனுக்குப் பொறாமையாக இருக்குமாம். 5 வயதில்தான் அவரும் அக்காவும் லண்டனில் தாயோடு சேர்ந்தார்கள். படிப்புச் செலவுக்காகத் தாய் ஹோட்டல்களில் துப்புரவு வேலை செய்தார். பள்ளிக்குப் போவதற்கு முன், விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பிள்ளைகளும் கூடப் போய் உதவினார்கள். கழிவறையை யார் கழுவுவது, படுக்கை விரிப்பை யார் மாற்றுவது என்று அக்காவோடு சண்டை. அக்காவுக்கும் சின்ன வயதுதான். ஆனாலும் தம்பியைப் பயிற்சிக்கு மூன்று பேருந்து மாறி அழைத்துப்போய், இரவு வரை காத்திருந்து கூட்டிவந்தவர் அவர்தான்.

அந்தக் குடும்பத்தில் முதலில் இடம் மாறியவர் அந்தத் தாய். அவருடைய ஊரிலும் ஓர் அத்தை இருந்திருப்பார், பிள்ளைகளை விட்டுவிட்டுக் காசுக்காகப் போகிறாளே என்று கேட்க.

அவருக்கு 10 வயது இருக்கும்போதே பெரிய குழுவான ஆர்சனல் கூப்பிட்டது. போகவேண்டாம் என்று தடுத்தவர் தாய். அங்கே உன்னைப் போலத் திறமையான பையன்கள் 50 பேர் இருப்பார்கள், அவர்களில் நீ ஒரு எண்ணாகிவிடுவாய், படிப்படியாக ஏறக்கூடிய இடத்திற்குப் போ என்றாராம். அதனால்தான் சிறிய குழுவான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். பணத்தையும் புகழையும் மட்டும் பார்க்கிற குடும்பம் இப்படி முடிவெடுக்காது.

இதைப் படித்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரைச் சிறு வயதிலிருந்து வளர்த்தது. 2010இல், அவருக்கு 15 வயதானபோது, லிவர்பூல் அவரை வாங்கிக்கொண்டு போனது. அன்று லிவர்பூல் ரசிகர்கள் யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை. நல்ல பையனைப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம். ஐந்தே ஆண்டில் அதே பையன் நம்மிடமிருந்து போகும்போது மட்டும் விசுவாசம் எங்கே என்று கேட்டோம். நம்மிடம் வருகிறவன் முன்னேறத் தெரிந்தவன், நம்மை விட்டுப் போகிறவன் நன்றி கெட்டவன். நாம் விசுவாசம் பேசும் நியாயம் இதுதான். அண்ணனின் தவுக்கேகூட ஒரு காலத்தில் பெரிய பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்த வாடிக்கையாளர்கள் பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கடை போட்டவர்தான். அண்ணன் அதை அவரிடம் சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் வளர்த்துவிட்டவருக்கு ஒன்றுமே தரவேண்டாமா? இந்தக் கேள்வியில் காற்பந்து உலகம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் முடியும் முன் ஒருவர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்த விலையில் 5 விழுக்காட்டை, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. ஸ்டெர்லிங் விஷயத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் முன்யோசனையோடு நடந்துகொண்டது. அவரை அடுத்து யாருக்காவது விற்றால் 20 விழுக்காட்டுப் பங்கு தங்களுக்கு வரவேண்டும் என்று 2010லேயே எழுதி வாங்கியிருந்தது. பல மில்லியன் பவுண்டு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நன்றிக்கடனைத் தொகையாகக் கணக்கிட்டு அடைப்பது கேட்பதற்குக் கொச்சையாக இருக்கலாம். ஆயுள் முழுக்க ஒருவரைக் கட்டிப்போடுவதைவிட அது நாகரிகமானது.

கட்டிப்போட்ட காலமும் இருந்தது. பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மான் 1990இல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரான்சின் டன்கர்க் குழுவுக்குப் போக முடியவில்லை. அவருடைய பழைய குழுவான லியேஜ் கேட்ட மாற்றுத் தொகை கிடைக்காததால் அவரை விடவில்லை. சம்பளத்தையும் பெருமளவு குறைத்துவிட்டது. ஐந்தாண்டு வழக்காடினார். 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் இலவசமாகப் போகலாம் என்ற இன்றைய உரிமை அப்படி வந்ததுதான். அதில் மற்றவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். போஸ்மானின் ஆட்ட வாழ்க்கையோ அந்த வழக்கிலேயே முடிந்துபோனது.

யாரைப் பார்த்துக் 'காசு' என்ற சொல்லை வீசுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். மென்செஸ்டர் சிட்டியின் இரண்டு இளம் ஆட்டக்காரர்கள், ஃபில் ஃபோடனும் டோசின் அடராபியோவும், தத்தம் தாய்க்கு வீடு வாங்கினார்கள். இரண்டும் 2 மில்லியன் பவுண்டு அளவிலான வீடுகள். வெள்ளையரான ஃபோடனைப் பற்றிய செய்தி, தாய்க்கு வீடு வாங்கி எதிர்காலத்திற்கு வழிசெய்யும் பையன் என்ற தொனியில் வந்தது. கறுப்பரான அடராபியோவைப் பற்றிய செய்தியோ, லீக்கில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காதவனுக்கு இவ்வளவு விலையில் மாளிகையா என்ற தொனியில் வந்தது. இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2018 டிசம்பரில் இன்ஸ்டாகிராமில் போட்டவர் ஸ்டெர்லிங்தான். முதல் நல்ல ஒப்பந்தம் கிடைத்ததும் தாய்க்கு வீடு வாங்கிய நாளைத் தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாள்களில் ஒன்றாக எழுதியவர் அவர். நம் பையன் ஒருவன் புதுக் கார் வாங்கினால் எப்படி வந்தது பணம் என்று முதலில் கேட்பது வெளியார்கள் மட்டுமா? நாமும்தானே கேட்கிறோம்.

குடும்பத்துக்காக என்று சொல்லிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2013இல் நெய்மார் சந்தோஸ் குழுவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போனபோது அறிவிக்கப்பட்ட தொகை 57.1 மில்லியன் யூரோ. அதில் அவரை வளர்த்த சந்தோஸுக்குக் கிடைத்தது 17.1 மில்லியன். மீதி 40 மில்லியன் நெய்மாரின் பெற்றோருடைய நிறுவனத்துக்குப் போனது. பல ஆண்டுகள் வழக்கு நடந்து, 2022இல் எல்லாரும் விடுதலையானார்கள். சட்டப்படி குற்றமில்லை, சரி. ஆனால் தாய் தந்தையே நிறுவனமாகி எதிரில் உட்கார்ந்துவிட்டால், போகவேண்டாம் என்று சொல்ல வீட்டில் யார் மிச்சம் இருப்பார்கள்? ஆர்சனல் வேண்டாம் என்று சொன்ன அந்தத் துப்புரவுத் தொழிலாளித் தாயை இங்கேதான் நினைத்துக்கொள்கிறேன்.

2025 மே மாதம் ட்ரென்ட் அலெக்சாண்டர் ஆர்னல்ட் லிவர்பூலை விட்டுப் போவதாக அறிவித்தபோது எனக்கு 24 வயது. இவர் வெளியூர்க்காரர் அல்லர். லிவர்பூலிலேயே பிறந்து, 6 வயதிலிருந்து அதே குழுவில் வளர்ந்தவர். லீக் கோப்பையை இரண்டு முறையும் சாம்பியன்ஸ் லீக்கை ஒரு முறையும் வென்று கொடுத்தவர். ஒப்பந்தம் முடிந்ததால் ரியல் மட்ரிட் அவருக்கு மாற்றுத் தொகை தர வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் முன்கூட்டியே அனுப்புவதற்குக் கொஞ்சம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மே 11ஆம் தேதி, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கியதும் சொந்தத் திடலே கூச்சலிட்டது. என் தம்பி முறை உள்ள ஒருவன் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய சொற்கள், நான் 2015இல் பயன்படுத்தியவைதான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் வலித்தது. போஸ்மான் பெற்றுத் தந்த உரிமையைத்தான் அவர் பயன்படுத்தினார் என்று மூளைக்குத் தெரியும். வளர்த்த வீட்டிற்கு ஒரு நல்ல விலையைப் பெற்றுத் தந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று மனம் சொல்லியது. இன்றும் சொல்கிறது. போனது தவறில்லை. போன விதத்தில் எனக்குக் குறை உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்தத் தம்பிக்கு இதைத்தான் பதிலாக அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் படம் வந்தது.

அண்ணன் எப்படிப் போனார் என்பதையும் எழுதிவிடுகிறேன். சொன்ன தேதிக்கு மேல் ஒரு மாதம் கூடுதலாகப் பட்டறையில் இருந்தார். புதிதாகச் சேர்ந்த நேப்பாளப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் பெட்டி வேலையைக் கற்றுக் கொடுத்தார். அதற்குச் சம்பளம் கேட்கவில்லை. பிறகுதான் பாலத்தைத் தாண்டினார். 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். அப்பா பிடிமானமில்லாமல் மறுபடி நடக்கத் தொடங்கியதைக் கைத்தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். 2021 நவம்பர் கடைசியில் தரைவழி திறந்த பிறகுதான் வீட்டுக்கு வர முடிந்தது. அந்த இரண்டு ஆண்டும் மாதம் தவறாமல் பணம் வந்தது. அப்பாவின் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும், என் டிப்ளோமா கட்டணத்துக்கும். அவர் காசுக்காகத்தான் போனார். அந்தக் காசில் படித்தவன்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு மறுநாள் ஒரு டப்பா முறுக்கோடு என்னையும் கூட்டிக்கொண்டு தவுக்கேயைப் பார்க்கப் போனார். ஆறு ஆண்டுகளில் அவர் தலை முழுதும் நரைத்துவிட்டது. அங்கே இப்போது எவ்வளவு தருகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். அண்ணன் சொன்னதும் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். தன் இளைய மகனும் சிங்கப்பூரில்தான் இருப்பதாகச் சொன்னார்.

கிளம்பும்போது பின்பக்கம் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டு அண்ணன் நின்றார். பெல்ட் தேய்ந்துவிட்டது என்றார். தீபாவளிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். அன்று எங்களுக்குப் பகல் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைத்தது.