டவ் புறாவைத் திறந்துவிடலாமா?

கூண்டில் அடைபட்ட பறவையை வானில் பறக்கவிடுவது புண்ணியம் என்று கருதுவோர் பலர். கடைகளில் 'டவ்' என்று விற்கப்படும் சிறு புறாவை வளர்ப்போருக்கும் சில மாதங்களில் இந்த ஆசை வந்துவிடுகிறது. தோளில் உட்காருகிறது, கையில் தானியம் தின்கிறது. வெளியே விட்டாலும் திரும்பிவிடும் என்று நம்பிக் கூண்டைத் திறக்கிறார்கள். இது இரக்கமாகாது.

மாடப்புறா வேறு, டவ் வேறு. மாடியில் கூடு வைத்து வளர்க்கப்படும் புறா, பாறைப் பொந்துகளில் வாழ்ந்த இனத்தின் வழிவந்தது. தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் திறன் அதற்கு உண்டு. பந்தயப் புறாக்களில் இத்திறனைத் தேர்ந்தெடுத்தே பெருக்கியிருக்கிறார்கள். பின்கழுத்தில் கறுப்புக் கோடுள்ள டவ்வும், அதன் வெள்ளை வகையும் ஆப்பிரிக்கப் புறா ஒன்றிலிருந்து வந்து, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகியவை. வெடிச் சத்தத்தில் மிரண்டு நாலு தெரு தாண்டிவிட்டால் திரும்ப வழி தெரியாது. பூனையைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. வெள்ளை இறகோ வல்லூறின் கண்ணில் எளிதில் பட்டுவிடும். 2014 ஜனவரியில் வாத்திகனில் சமாதானத்தின் அடையாளமாகப் பறக்கவிட்ட இரண்டு வெண்புறாக்களைக் கூட்டத்தின் கண்ணெதிரிலேயே ஒரு கடற்பறவையும் ஒரு காகமும் தாக்கின.

இறகை வெட்டிவிட்டால் பயமில்லை என்பாரும் உண்டு. வெட்டிய இறகோடும் காற்று வாக்கில் சுவர் தாண்டும். தாண்டியபின் எழும்ப முடியாமல் தெரு நாய்க்கு இரையாகும். இறகு வெட்டுவது இரட்டைக் கேடு.

வெயிலும் காற்றும் டவ்வுக்குத் தேவைதான். அதற்குக் கொல்லையிலோ மாடியிலோ ஆள் நின்று நடமாடும் உயரத்தில் கம்பிவலைக் கூண்டு அமைப்பதே சரி. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் போனால் எலியும் பாம்பும் நுழையும். கதவு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் கூரை நிழல் அவசியம்.

பறப்பதைக் கண்டு மகிழ விரும்புவோர் மாடப்புறா வளர்க்கலாம். அதிலும் விலைக்கு வாங்கிய வளர்ந்த புறாவைத் திறந்தால் பழைய வீட்டுக்கே போகும். அதை ஜோடி சேர்த்து, பிறக்கும் குஞ்சுகளைத்தான் பழக்க வேண்டும். இரண்டு வாரம் மாடியில் வலைக்குள்ளிருந்தே சுற்றுப்புறத்தைப் பார்க்கட்டும். பிறகு இரை வைக்குமுன், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் திறந்தால் பசி அதைக் கீழே இறக்கும். பட்டம் விடும் நாட்களில் திறக்கவே கூடாது. நைலான் மாஞ்சா நூலுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் தடை விதித்தும் அது ஒழிந்தபாடில்லை.

டவ் தப்பிவிட்டால் துரத்துவது வீண். மேலும் மிரண்டு அப்பால் போகும். பெரும்பாலும் முதல் நாள் பக்கத்து மரத்திலோ கூரையிலோதான் இருக்கும். ஜோடிப் புறாவைக் கூண்டோடு மாடியில் வைத்து, பக்கத்தில் தினையும் தண்ணீரும் வைக்க வேண்டும். ஜோடியின் குரல் கேட்டுச் சில வேளை மறுநாள் காலையிலேயே வந்து இறங்கும்.