வீதியைக் கடப்பது வீரமல்ல

நம்மவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் வியட்நாமின் ஹனோய் நகர வீதி ஒரு நகைச்சுவைப் பாத்திரமாகவே இடம்பெற்று வருகின்றது. காதைப் பிளக்கும் ஹோர்ன் சத்தம். ஒரே மோட்டார் சைக்கிளில் தந்தை, தாய், இரு பிள்ளைகள். இறுதியில் தவறாது ஓர் உபதேசமும் வரும்: "நில்லாதீர்கள், ஓடாதீர்கள், சீராக நடந்துகொண்டேயிருங்கள், வண்டிகள் தாமாகவே விலகிச் செல்லும்."

நானும் அந்த உபதேசத்தை மந்திரமாக உச்சரித்தபடி ஹனோய் வீதியைக் கடந்தவன்தான். இலங்கையில் வளர்ந்த கழுத்து முதலில் வலப்பக்கம் திரும்பியே பழகியது. அங்கோ வண்டிகள் முதலில் இடப்பக்கமிருந்து வருகின்றன. எனினும் சிலர் எதிர்த்திசையிலும் வருவதால் என் பழக்கம் வீண்போகவில்லை. நடைபாதையில் ஏறி ஆறுதலடைந்தால், அங்கும் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் நின்று வழி கேட்டது.

சிரிப்பு வந்தது உண்மையே. ஆனால் அது நாலு நாளில் விமானம் ஏறிவிடுபவனின் சிரிப்பு. அதே வீதியைத் தினமும் கடக்கும் மூதாட்டிக்கும், பார்வையற்றவருக்கும், பள்ளிச் சிறுமிக்கும் அதில் நகைச்சுவை எங்கே இருக்கின்றது?

அந்தக் குழப்பத்துள்ளும் ஓர் ஒழுங்கு உண்டென வியப்போர் பலர். சிறுவர்களுக்கான 'லோகோ' கணினி மொழியை உருவாக்கியோருள் ஒருவரான பேராசிரியர் சேமூர் பெப்பர்ட், 2006 டிசம்பரில் ஒரு கணிதக் கல்வி மாநாட்டுக்காக ஹனோய் சென்றிருந்தார். அந்நகரப் போக்குவரத்தைக் கணித மாதிரியாக அமைப்பது பற்றிச் சகாவுடன் உரையாடியிருந்த அவரை, வீதியைக் கடக்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. மூளையில் பலத்த காயம். உயிர் தப்பினார், ஆனால் பழைய நிலைக்கு முழுமையாக மீளாமலே 2016இல் மறைந்தார்.

"அது அவர்களின் இரத்தத்தில் ஊறியது" என்று கைகழுவுவோருக்கு ஒரு வார்த்தை. 2007 டிசம்பர் 15 முதல் வியட்நாமின் எல்லா வீதிகளிலும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை அதைத் தொடாதவர்கள் ஒரே நாளில் அணிந்தார்கள். 2025 ஜனவரியில் சிவப்பு விளக்கை மீறும் மோட்டார் சைக்கிளோட்டிக்கான அபராதம் 40 முதல் 60 இலட்சம் டொங் வரை உயர்த்தப்பட்டது. முன்னர் அது 10 இலட்சத்தைத் தாண்டியதில்லை. இரத்தத்தில் ஊறியதாகச் சொல்லப்பட்ட பழக்கம், பணப்பையில் கைவைத்ததும் சிவப்பு விளக்கின் முன் அடங்கி நின்றது. ஆக, குறை மக்களின் குணத்தில் இல்லை. சட்டத்தையும் நடைபாதையையும் கவனியாது விட்ட ஆட்சியில் இருந்தது.

உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களில் செல்வோருமே.

ஹனோயைப் பார்த்து நகைக்கும் நாம், கொழும்பின் காலி வீதியில் பாதசாரிக் கடவையிலே நின்று, கையை உயர்த்தி, வாகனச் சாரதியிடம் உயிர்ப்பிச்சை கேட்கும் முதியவரையும் சற்றுப் பார்க்கவேண்டும். வீதியைக் கடக்கத் துணிச்சல் தேவைப்படும் நகரம் வேடிக்கையான நகரமன்று. தன் கடமையில் தவறிய நகரம்.